சிலுவை கீறிய மூடி

ஷால்வாவின் வலது கன்னம் வழவழவென்றும் இடது கன்னம் சோப்பு நுரையோடும் இருந்த நேரத்தில் போன் வந்தது. உண்மையில் போனே தேவையில்லை. எல்குஜாவின் குரலுக்கு ஜன்னல் திறந்திருந்தால் போதும். அவர் தும்மினால் அலசானி ஆற்றின் அந்தக் கரையில் மேயும் மாடுகள் காதை விறைக்கும்.

“டாக்டரே, கொள்ளை போயிடுச்சு. பெக்கா கல்யாணத்துக்குன்னு புதைச்சு வச்ச கறுப்பு ஒயின், அறுநூறு லிட்டர், மொத்தமும் போச்சு. திருடன் உள்ளேதான் இருக்கான். கதவைப் பூட்டிட்டேன். வாங்க.”

ஷால்வா ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். வாய் பேசாத ஜீவன்களிடம் நாற்பது வருஷம் நோவு விசாரித்தவர். வாய் பேசும் ஜீவன்களின் பொய்யெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று துக்வேலி கிராமம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவன் ஜும்பெர். ஊரின் ஒரே சவரக்காரன், வயது ஐம்பத்திரண்டு, ஷால்வாவின் துப்பறியும் வேலைகளுக்குத் தன்னைத் தானே உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். இதுவரை ஒன்பது வழக்குகள். ஒன்பதிலும் முதலில் தப்பான ஆளைப் பிடித்துக் கொடுத்த பெருமை அவனுக்கே உண்டு.

“மீதிக் கன்னம், டாக்டர்?”

“அது எங்கேயும் ஓடிடாது. வா.”

எல்குஜாவின் ஒயின் கூடம் கல்லால் கட்டியது. சுவர்கள் ஒரு கழுதையை நெடுக்கில் நிறுத்தும் அகலம். ஜன்னல் என்று ஒன்று உண்டு, மெலிந்த பூனைக்கு மட்டும். எல்குஜா கதவைக் கீற்றாகத் திறந்து இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டு மறுபடி பூட்டினார். சாவியைச் சட்டைக்குள் நழுவவிட்டார். அது அந்தத் தொந்தியின் மேல் உருண்டு எங்கோ போய்ச் சேர்ந்தது.

“திருடன் யாருன்னு தெரியற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போக முடியாது. நீங்களும்தான் டாக்டரே.”

“நாலு மணிக்கு மாப்பிள்ளைக்கு முடி வெட்டணுமே,” என்றான் ஜும்பெர்.

“முடியோட கல்யாணம் பண்ணிக்கட்டும். ஒயின் இல்லாம எப்படிப் பண்ணிக்குவான்?”

ஜும்பெர் சட்டைக் காலரைத் தளர்த்தினான். சுற்றிலும் மண்ணுக்குள் பதினான்கு சாடிகள், பல்லாயிரம் லிட்டர் ஒயின், ஆனால் மூச்சுவிடத்தான் காற்று போதவில்லை. சாடிகள் கழுத்துவரை புதைந்திருந்தன. வெளியே தெரிந்தவை வட்டக் கல் மூடிகளும் அவற்றைச் சுற்றிப் பூசிய களிமண்ணும் மட்டுமே. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு. நடுவே தரையில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்குஜாவுடையது, அந்தப் பக்கம் அவர் தம்பி தமாஸுடையது. ஒரு வாதுமை மரத்தின் நிழல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் பதினோரு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது போட்ட கோடு அது. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. எல்குஜா தம்பியை ‘அந்தப் பக்கம்’ என்றுதான் குறிப்பிடுவார்.

அந்தப் பக்கம் இப்போது ஒரு முக்காலியில் உட்கார்ந்து நகத்திலிருந்த களிமண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எல்குஜாவின் மனைவி லமாராவும், மணப்பெண்ணின் அப்பா பெசாரியோனும் இருந்தார்கள். பெசாரியோன் நாளைய கல்யாணப் பரிசை ருசி பார்த்து ஏற்றுக்கொள்ள, தொலைவிலுள்ள இமெரேத்தி வட்டாரத்திலிருந்து வந்தவர். கோட்டோரம் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் பூவேலை செய்த வெள்ளைவெளேர் விரிப்பு, நான்கு கிண்ணங்கள்.

“மொதல்லேருந்து சொல்லு,” என்றார் ஷால்வா.

எல்குஜா சொன்னார். இருபத்து நாலு வருஷத்துக்கு முன் பெக்காவுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் எல்குஜா. பாதிரியார் கையில் குழந்தை காயும் முன்பே, இவனுக்கு என்ன பரிசு என்று ஊர் கேட்டது. ஊரிலேயே கறுத்த திராட்சையைத் தேர்ந்தெடுத்துச் சாடியில் நிரப்பி, மூடியின் மேல் ஒரு சிலுவையைக் கீறிப் புதைத்துவிட்டார். இவன் கல்யாணத்தன்றுதான் திறப்பேன் என்று சத்தியம். நிச்சயதார்த்த மேஜையில் அந்தச் சத்தியத்துக்கு மேல் இன்னொரு மாடி கட்டினார்: அந்த ஒயின் வராவிட்டால் ஞானத்தகப்பன் நாற்காலியில் உட்கார மாட்டேன்.

“இன்னிக்கு சம்பந்தி முன்னாடி திறந்தேன். களிமண் பூச்சு கீறல்கூட விழல. உள்ளே பாத்தா மஞ்சள். தேன் கலர்ல வெள்ளை ஒயின். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு முந்நூறு பேர் முன்னாடி நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

“ஒயின் நல்லாத்தான் இருக்கு,” என்றார் பெசாரியோன் சமாதானமாக. “வேணும்னா வழியில ரெண்டு பெட்டி பாட்டில் நல்லதா பாத்துத் தேர்ந்தெடுத்து, ரிப்பன் கட்டி...”

எல்குஜாவின் முகம், காணாமல் போன ஒயினின் நிறத்துக்கு வந்தது. “பாட்டிலா? என் ஞானப்பிள்ளைக்கா? அதுக்கு என்னையே இந்தச் சாடிக்குள்ள போட்டு மூடிடுங்க சம்பந்தி.”

ஜும்பெர் ஷால்வாவின் காதோரம் குனிந்தான். “டாக்டர், இமெரேத்திக்காரர்தான். ராத்திரி ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி, வெள்ளை ஊத்திட்டாரு.”

“எனக்குக் காது கேக்கும் தம்பி,” என்றார் பெசாரியோன். “நான் வந்தே மூணு மணி நேரம் ஆகுது. அறுநூறு லிட்டரை எங்க வச்சிருக்கேன், தொப்பிக்குள்ளயா?”

ஷால்வா திறந்த சாடியின் அருகே மண்டியிட்டு, பக்கத்தில் கழற்றி வைத்திருந்த சிலுவை மூடியைத் தடவினார். பிறகு அதைப் புரட்டச் சொன்னார். ஜும்பெரும் பெசாரியோனும் முக்கி முனகிப் புரட்டினார்கள். மூடியின் அடிப்பக்கம் மை கொட்டியதுபோல் அடர்ந்த ஊதாவாக இருந்தது.

அடுத்து மூடியின் குறுக்களவைச் சாணால் அளந்தார். சாடியின் வாயையும் அளந்தார். மூடி தேவைக்கு மேல் நான்கு விரல்கடை பெரிது. எழுந்து வெள்ளைக் கோட்டின் விளிம்பில் நின்றுகொண்டார்.

“தமாஸ், உன் பக்கம் ஏழும் ரொம்பியிருக்கா?”

“ஆறுல இருக்கு. அஞ்சாவது காலி. விரிசல் விட்டு ரொம்ப வருஷமாச்சு.”

“உள்ளே வரலாமா?”

“நீங்க வரலாம்.”

ஷால்வா தமாஸின் ஐந்தாவது மூடியருகே போய்ச் சுற்றியிருந்த களிமண்ணை ஒரு விரலால் அழுத்தினார். விரல் பதிந்தது. சாணால் அளக்கவும் இல்லை. திரும்பி வந்து ஒரு கவிழ்த்த கூடையின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். இடது கன்னத்தில் சோப்பு காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

“திருடனைப் பிடிச்சாச்சு போல,” என்றான் ஜும்பெர் ஆவலாக. “தமாஸ்தானே? நான் ஆரம்பத்துலேருந்தே சொல்றேன்.”

“நீ ஆரம்பத்துலேருந்து இமெரேத்திக்காரர்னுதான் சொன்னே,” என்றார் பெசாரியோன்.

“திருட்டே நடக்கல,” என்றார் ஷால்வா. “பூட்டின கூடம், கீறல் விழாத பூச்சு, அறுநூறு லிட்டர். தூக்கிட்டுப் போக முடியாத பொருள் காணோம்னா, தூக்கக்கூடிய பொருள் எதுன்னு பாக்கணும். இங்க தூக்கக்கூடியது மூடி மட்டுந்தான். இந்த மூடியோட அடிவயித்தைப் பாரு. வருஷக்கணக்கா கறுப்பு ஒயின் மேல உக்காந்திருந்த கல்லு இது. இன்னிக்கு மஞ்சள் ஒயின் மேல உக்காந்திருக்கு. வாய்க்கும் பொருந்தல. அப்போ ஒயின் மாறல. மூடி மாறியிருக்கு.”

எல்குஜா திறந்த வாயோடு நின்றார். அந்த வாயில் சத்தம் வராத நிமிஷங்கள் அபூர்வம் என்பதால் ஜும்பெர் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினான்.

“எம் மூடி மாறினா எனக்குத் தெரியாதா? எஞ் சாடி எது, எந்த இடம்னு...”

“எது எந்த இடம், சொல்லு பாப்போம். உன் மூணாவதுல என்ன இருக்கு?”

எல்குஜா மூன்றாவது மூடியைப் பார்த்தார். பிறகு லமாராவைப் பார்த்தார்.

“போன வருஷத்து வெள்ளை,” என்றாள் லமாரா. “பிழியறதும் கிளர்றதும் கழுவறதும் பூசறதும் நான். விருந்துல கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்துச் சொல்றது அவரு. அவருக்குச் சிலுவை மட்டுந்தான் அடையாளம்.”

“அதனாலதான் சிலுவையை மாத்தினா போதும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார் ஷால்வா மெதுவாக. “இந்தக் கறுப்பு ஒயின் ஒரு சொட்டு விழுந்தாலும் துணியை விட்டுப் போகாது. முப்பது வருஷம் இதுல வேலை செஞ்சவ, கறுப்பு ஒயின் திறக்கற மேஜையில பூவேலை போட்ட வெள்ளை விரிப்பு விரிக்க மாட்டா. கறுப்பு வராதுன்னு தெரிஞ்சாத்தான் விரிப்பா.”

லமாரா விரிப்பைப் பார்த்தாள். தலைத்துணியின் நுனியால் நெற்றியைத் துடைத்தாள்.

“பன்னெண்டு வருஷமாச்சு டாக்டரே. அந்த ஞாயித்துக்கிழமை இவரு விருந்தாளிங்களோட மூணாவது பானையைக் காலி பண்ணிட்டு, பெக்கா ஒயினைத் திறக்கறேன்னு கடப்பாரை எடுக்கப் போனாரு. போற வழியில முள்ளங்கிப் பாத்தியில விழுந்து தூங்கிட்டாரு. அடுத்த ஞாயிறு விழ மாட்டாருன்னு என்ன நிச்சயம்? அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள நானும் தமாஸும் மூடியை மாத்திட்டோம். இந்தக் கல்லை ஒத்தையா தூக்க முடியாதே.”

“நான் சத்தியம் பண்ணின ஒயினை நான் திறப்பேனா?” என்றார் எல்குஜா.

“திறந்தீங்க. மூணு வாரம் கழிச்சு. மஞ்சளை மொண்டு மொண்டு குடிச்சிட்டு, ‘ஐயோ என்ன கறுப்பு, என்ன கறுப்பு’ன்னு அழுதீங்க. காலையில எல்லாம் மறந்தாச்சு. நான் மறுபடி ரொப்பிப் பூசினேன்.”

பெசாரியோன் மீசைக்குள் சிரித்தார். எல்குஜா சிரிக்கவில்லை.

“அப்ப ஏன் இவ்வளவு நாள் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? அடுத்த வருஷமே கயிறு கட்டி கோடு போட்டுப் பிரிச்சீங்க. சிலுவை மூடி உங்க பக்கம் வந்துச்சு. சாடி அந்தப் பக்கம் போயிடுச்சு. கோட்டுக்கு அந்தாண்ட இருக்கறதெல்லாம் அவருக்குன்னு ரெண்டு பேரும் சாட்சி வச்சு எழுதிட்டீங்க. மூடியைத் திருப்பி மாத்தலாம், சாடியை நகத்த முடியுமா? இன்னிக்கும் எல்லாரையும் பூட்டிட்டு, திருடனை வெட்டுவேன்னு நிக்கறீங்க. தமாஸ் பேரை எப்படி எடுப்பேன்?”

ஷால்வா தமாஸைச் சுட்டினார். “காலிச் சாடிக்கு யாரும் ஈரக் களிமண் வைக்கறதில்ல. களிமண் காஞ்சா வெடிக்கும், வெடிச்சா காத்து உள்ள போகும், ஒயின் காடியாகும். வாராவாரம் தண்ணி தெளிச்சு ஈரம் காத்திருக்கான் இவன். நகத்தைப் பாரு. தன் சொத்துன்னு எழுதி வாங்கின ஒயின். ஒரு கிண்ணம்கூட மொள்ளல.”

“எப்படித் தெரியும், மொள்ளலன்னு?” என்றான் ஜும்பெர்.

“மொண்டிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இவன் எல்குஜாவோட தம்பி.”

ஜன்னல் வழியே நாளைய விருந்துக்கு வெட்டக் காத்திருக்கும் ஆடு ஒன்று தன் கருத்தைச் சொன்னது. எல்குஜா தான் கட்டிய பொறிக்குள் தானே நிற்பதை ஜும்பெர் பார்த்தான். கதவு பூட்டியிருந்தது, சாவி அவரிடமே இருந்தது, ஆனால் அவர் போகவேண்டிய வழி கதவின் பக்கம் இல்லை. மூன்றே எட்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி. அந்த மூன்று எட்டை வைப்பதற்கு ஒரு திராட்சைத் தோட்டம் பூத்துக் காய்த்துப் பழுக்கும் நேரம் எடுத்தது.

கோட்டருகே வந்து நின்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்: “அந்த அஞ்சாவது எனக்கு வேணும்.”

“யாருகிட்ட கேக்கறாங்கன்னு தெரியலயே,” என்றார் தமாஸ் சுவரைப் பார்த்து.

“உங்கிட்டத்தான்.”

“எனக்குப் பேரு இருக்கு.”

எல்குஜாவின் கழுத்தில் நரம்பு ஒன்று எழுந்து அடங்கியது. “தமாஸ்,” என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, “தம்பி,” என்றார்.

தமாஸ் முக்காலியை விட்டு எழுந்தார். “கடப்பாரையை எடு. முள்ளங்கிப் பாத்தி பக்கம் போயிடாதே.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று களிமண்ணை வெட்டி மூடியைப் பெயர்த்தார்கள். மேலே வந்த வாசனையில் ஜும்பெருக்குத் தன் கல்யாணம், தன் பிள்ளைகளின் கல்யாணம், இன்னும் பிறக்காத பேரன்களின் கல்யாணம் எல்லாம் ஒரே மூச்சில் கண்ணில் நின்றன. கிண்ணத்தை உள்ளே விட்டு மொண்டார்கள். அமாவாசை போலக் கறுப்பு. பெசாரியோன் ஒரு வாய் குடித்தார். தொப்பியைக் கழற்றினார். இன்னொரு வாய் குடித்தார்.

“இதுதான்,” என்றார். “பாட்டில் பேச்சை நான் எடுக்கவே இல்ல.”

“ஒரு சங்கதி,” என்றார் தமாஸ் மூடியின் மேல் கைவைத்து. “சத்தியம் உன்னுது. சாடி என்னுது. நாளைக்கு மேஜையில எழுந்து நின்னு, இந்தப் பரிசு யார் குடுத்ததுன்னு சொல்லுவே?”

எல்குஜா யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாததால் நெற்றி வேர்த்தது. தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“லமாரா குடுத்ததுன்னு சொல்றேன்.”

தமாஸ் மூடியிலிருந்து கையை எடுத்தார். “அப்ப சரி.”

பதினோரு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. லமாரா வெள்ளை விரிப்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சொல்லுங்க, நானும் கேக்கறேன்,” என்றாள். “அதுக்கு முன்னாடி அந்தக் கதவைத் திறங்க. முந்நூறு பேருக்கு வெள்ளரிக்காய் யார் நறுக்குவா?”