கவிழ்த்து வைத்த அறுபது கிழங்குகள்

"யாருங்க இந்த வேலையைப் பார்த்தது?"

ஆஸ்பத்திரி வாசலில், பூப்பாத்தியின் நடுவே மண்டியிட்டிருந்தவள் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற நோயாளிகள்கூட இருமலை நிறுத்தினார்கள்.

"நான்தாங்க..." வெள்ளைக் கோட்டோடு ஒருவன் முன்னால் வந்தான். எக்ஸ்ரே எடுப்பவன். கை முழுக்க மண். "மெஷின் ரிப்பேர். சும்மாதானே இருக்கோம், உதவலாமேன்னு..."

"உதவியா? அறுபது பிகோனியா கிழங்கு! அறுபதும் தலைகீழ்!"

ஒன்றைத் தோண்டி அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "குழி இருக்கிற பக்கம் மேல. உருண்டையா இருக்கிற பக்கம் கீழ. குழியிலேர்ந்துதான் முளை வரும்."

"மழைத் தண்ணி குழியில தேங்கிடுமேன்னு கவுத்து வச்சேன்."

"இது என்ன கழுவி வச்ச கிண்ணமா? மனுஷனுக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியுது... ஒரு கிழங்குக்கு மேல் எது, கீழ் எதுன்னு தெரியலையா?"

"ஒண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்னுதான் நினைச்சேன். மெஷின்தான் ரிப்பேராச்சே!"

சிரிப்பு வந்தது. கடித்து விழுங்கினாள். திட்டு வாங்கும்போதும் சிரிக்கிற கண்கள்... சீ, வேலையைப் பாருடி!

"நாளைக்குக் காலையில நானே வந்து திருப்பிக்கிறேன். நீங்க கிட்டவே வராதீங்க!"

அவளுக்கு இது விளையாட்டில்லை. அப்பாவின் செடி நர்சரி அக்கா புருஷனுக்கா, இவளுக்கா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரித் தோட்டத்தை நீ தனியாப் போடு. மூணு வாரத்துல முளையைக் காட்டினா கடை உனக்கு" என்றிருந்தார் அப்பா.

மறுநாள் கொட்டும் மழையில் வந்தாள். அறுபதையும் மண்ணோடு அள்ளி மடமடவென்று புரட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம்... இரண்டு வாரம்... தினமும் அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏதாவது வந்துச்சாங்க?"

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி கேட்காதீங்க!"

மூன்றாவது வாரத்தின் கடைசி நாள். முளையைக் காணோம். பதினோரு மணிக்கு அப்பா வருகிறார். பதறிப்போய் ஒன்றைத் தோண்டினாள். கவிழ்ந்து கிடந்தது. அடுத்தது... அதுவும்!

எக்ஸ்ரே அறைக் கதவு படாரென்று திறந்தது.

"மறுபடியும் கவுத்தீங்களா?"

"சத்தியமா இல்லைங்க! நான் ஒரே ஒரு தடவைதான் கை வச்சேன். நீங்க திட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்குச் சாயங்காலமே... அறுபதையும் சரியாத் திருப்பி வச்சுட்டேன்."

"அன்னைக்கேவா? ஏன் சொல்லலை?"

"கிட்ட வராதேன்னீங்க. வந்தேன்னு எப்படிச் சொல்றது?"

தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சரியாக இருந்ததைக் கவிழ்த்தது... அவளேதான்!

"உங்கப்பாகிட்ட நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடறேங்க. பாதி உண்மைதானே?"

"ஒண்ணும் வேண்டாம்! இதுவரைக்கும் உதவினதே போதும்!"

எரிச்சலாகத்தான் சொன்னாள். ஆனாலும்... பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வருகிறானே, பைத்தியக்காரன்!

அப்பா வந்தார். பாத்தியைப் பார்த்தார். ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சார், நான்..." என்று ஆரம்பித்தவனை அவள் கையமர்த்தினாள்.

"நான்தாம்பா. சரியா இருந்ததைப் பார்க்காமப் புரட்டிட்டேன்."

"நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே கிழங்கைக் கையில பிடிச்சவ நீ. தொட்டாலே தெரியுமே! கண்ணு எங்கே இருந்துச்சு?"

மழை என்று சொல்லலாம். அவசரம் என்று சொல்லலாம். கடை தப்பிக்கும்...

"எக்ஸ்ரே ரூம் ஜன்னல்லப்பா" என்றாள் தலை நிமிராமல். "அவர் வர்றாரான்னு... பார்த்துட்டே புரட்டினேன்."

அப்பா கிழங்கின் மண்ணைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார்.

"அழுகலை. திருப்பி வை. இன்னும் மூணு வாரம் தர்றேன்." அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, அதுவரைக்கும் அந்த ஜன்னலைச் சாத்தி வைங்க."

"முடியாதுங்க சார்..." அவன் காதுமடல் சிவந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "இருபத்தோரு நாளா நானும் அங்கேர்ந்து இவங்களைத்தான் பார்த்துட்டிருக்கேன்."