கப்பலுக்குப் போன கேமரா

கடையின் கண்ணாடிக்குப் பின்னால், இஸ்திரிப் பெட்டிகளுக்கும் மிக்ஸிகளுக்கும் நடுவில், ஒரு குட்டி வீடியோ கேமரா உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் கதவு மாதிரித் திறக்கும் சின்னத் திரை. ‘முதன்முதலாகப் படம் எடுப்பவர்களுக்கு! மிகக் குறைந்த விலை!’ என்று ஓர் அட்டையும் மாட்டியிருந்தது.

பள்ளி விட்டு வரும்போது நான்கு நாட்கள் அதன் முன்னால் நின்றேன். ஐந்தாவது நாள் கடைக்காரரே வெளியே வந்துவிட்டார்.

“என்ன பாப்பா, தினமும் கண்ணாடியில மூக்கைத் தேய்ச்சிட்டுப் போற? நான்தானே துடைக்க வேண்டியிருக்கு!”

“அங்கிள், அந்தக் கேமரா நல்லா இருக்குமா?”

“என் கடையில நல்லா இல்லாத பொருளே கிடையாது.”

“போன மாசம் எங்க அம்மா ஒரு ஃபேன் வாங்கினாங்களே?”

அவர் தொண்டையைச் செருமினார். “அது நல்ல ஃபேன்தான். காத்துதான் கொஞ்சம் கம்மி.”

வீட்டில் எனக்குக் ‘கேள்விக்குறி’ என்று பெயர். அப்பா வைத்த பெயர். அவர் ஒரு சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் வேலை பார்க்கிறார். போய் எட்டு மாதம் ஆகிறது. வருவதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

அவர் புறப்பட்டபோது தம்பிக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது. இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். உடம்பு முழுக்கக் கன்னம் மாதிரி இருப்பான் என்பதால் அவனை ‘உருண்டை’ என்போம்.

நடுக்கடலில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. துறைமுகத்துக்கு வந்தால்தான் அப்பா கூப்பிடுவார். கூப்பிட்டாலும் அவர் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். குரல் மட்டும் எங்கிருந்தோ விட்டு விட்டுக் கேட்கும். போன தடவை அப்படித்தான், “உருண்டை... அப்பாதான்டா...” என்றார். உருண்டை அழுதுகொண்டே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அப்பா சிரித்தார். ஆனால் அது உண்மையான சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். “நான் வர்றதுக்குள்ள அவன் நடந்துடுவான். என்னை யாருன்னே தெரியாது” என்றார். அதோடு இணைப்பு போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கேமராவின் நினைப்புதான். அம்மாவின் போனில் எடுக்கலாம் என்றால், அதன் கேமராவில் விரிசல். எந்தப் படம் எடுத்தாலும் உருண்டைக்கு இரண்டு மூக்கு.

“அங்கிள், வாங்கறதுக்கு முன்னாடி அதைச் சோதிச்சுப் பார்க்கலாமா?” என்று கேட்டேன்.

“தாராளமா.” அவர் எடுத்துக் கொடுத்தார். கடைக்குள் பளிச்சென்று பத்து விளக்குகள். திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது.

“இப்ப லைட்டை அணைக்கிறீங்களா?”

“என்னது? வியாபார நேரத்துல கடையை இருட்டாக்கச் சொல்றியா?”

“எங்க வீட்டுல ஒரே ஒரு ஜன்னல்தான் அங்கிள். அதுலயும் அம்மா தைச்ச யூனிஃபார்ம் தொங்கும். அந்த வெளிச்சத்துல தெரியணும்ல?”

முணுமுணுத்துக்கொண்டே விளக்குகளை அணைத்தார். “கரண்ட் போயிடுச்சா?” என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். திரையில் கடைக்காரரின் முகம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய மீசை கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது.

ஆனால் எடுத்ததை ஓட்டிப் பார்த்தபோது, மூலையில் இருந்த கடிகாரத்தின் டிக் டிக் கூடத் தெளிவாகக் கேட்டது.

“என்ன, வேணுமா வேண்டாமா?”

“இன்னும் தெரியல அங்கிள். வீட்டுல ஒருநாள் வச்சுப் பார்த்துட்டுச் சொல்லட்டுமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என் பையனோட பேன்ட் உங்க அம்மாகிட்டதான் தைக்கக் கிடக்கு. அதோட இதுவும் ஒருநாள் இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் திரும்பி வந்துடணும்.”

வீட்டுக்கு ஓடினேன். அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைத் தையல் மேஜையின் ஓரத்தில் வைத்து, கீழே விளையாடிக்கொண்டிருந்த உருண்டையைப் படம் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால், பூகம்பம் வந்தது போல வீடே ஆடியது.

கல்யாண வீடியோ எடுக்கும் மாடி வீட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் கேமராவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“படம் எப்படி ஆடுது பாரு. இது பொம்மைம்மா. வெட்டிச் செலவு.”

என் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கடகடவென்று சத்தம் வரும்போது படம் ஆடியது. அம்மா நூலை அறுக்க நிறுத்தியபோது படமும் ஆடாமல் நின்றது.

“அண்ணா! கேமரா ஆடல, மேஜைதான் ஆடுது! அம்மாவோட மெஷின்!”

அண்ணன் மறுபடி பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அட ஆமா! ஆனா இருட்டுல புள்ளி புள்ளியாத்தான் வருது, அதுக்கு என்ன சொல்ற?”

நான் கேமராவோடு கீழே இறங்கி வந்தேன்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். “இங்க பாரு கேள்விக்குறி. உன் பிறந்தநாளுக்கு ஸ்கேட்டிங் ஷூ வாங்கிக்கன்னு அப்பா சொன்னார். இதை வாங்கினா அது கிடையாது. நல்லா யோசிச்சுக்கோ.”

ஸ்கேட்டிங் ஷூ! சிவப்பு நிறத்தில் அதைக் காலில் மாட்டி நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டியாகிவிட்டது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் விடுமுறை. உருண்டை துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் எதிரில் மண்டியிட்டு, கேமராவின் பொத்தானை அழுத்தினேன். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உருண்டை அதையே பார்த்தான். மூட்டையை விட்டுவிட்டான்.

ஓர் அடி. இரண்டாவது அடி. மூன்று!

“அம்மா! நடக்கிறான்!”

திரையில் அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான்காவது அடியில் அப்படியே சாய்ந்தான். பக்கத்தில் மெஷினின் இரும்புக் கால். நான் கேமராவைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாய் மூன்றடி. பிறகு படம் தலைகீழாய்ச் சுற்றியது. அதற்குமேல் கடைசி வரை எங்கள் வீட்டுக் கூரையும் அந்தக் காற்று வராத ஃபேனும்தான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “முதல் தடவை நடந்தான்மா. அது இனிமே வராதே. அப்பாவுக்கு என்னத்தைக் காட்டுவேன்?”

அம்மா மெஷினை நிறுத்தினாள். “இப்படிக் கொடு. திருப்பிப் போடு.”

வெறும் தரையில் டப், டப் என்று குட்டிப் பாதங்கள். நான் கத்துவது. கேமரா விழும் சத்தம். “கண்ணா!” என்று அம்மா ஓடி வருவது. பிறகு, விழுந்தது பெரிய வேடிக்கை என்பது போல உருண்டையின் கெக்கெக்கே சிரிப்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னொரு தடவை போடு” என்றாள். அதன்பிறகு, “இன்னும் ஒரே ஒரு தடவை.”

அன்று மாலை கடைக்குப் போனேன்.

“என்ன பாப்பா, எப்படி இருக்கு?”

“இருட்டுல சரியாத் தெரியாது அங்கிள். பெரிசாக்கினா உடைஞ்சுடுது. பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்கல.”

அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப வேண்டாம். சரி, வச்சுட்டுப் போ.”

“வேணும் அங்கிள்.”

“இவ்வளவு குறை சொல்லிட்டு?”

“சத்தம் நல்லாக் கேக்குது. அதுலயே திரை இருக்கு, அதனால அப்பாவுக்குச் சிக்னலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பாவோட கப்பல்ல வேலைக்குச் சேர ஒரு சமையல்காரர் நாளைக்குப் போறார். அவர்கிட்டக் கொடுத்து அனுப்பப் போறோம். விலை அதிகமா இருந்தா அம்மா அனுப்ப விடுவாங்களா? அப்புறம், கீழ விழுந்தும் அதுக்கு ஒண்ணும் ஆகல.”

“கீழ விழுந்துச்சா!” அவர் பாய்ந்து கேமராவைத் தடவிப் பார்த்தார்.

“இதேதான் வேணும் அங்கிள், புதுசு வேண்டாம். தம்பி நடந்தது இதுக்குள்ள இருக்கு.”

கேமரா கப்பலுக்குப் போனது.

ஆறு வாரம் காத்திருந்தேன். தெருவில் மற்றப் பிள்ளைகள் ஸ்கேட்டிங் ஓட்டும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. உருண்டை நடந்தான், ஓடினான், அலமாரியைக் கவிழ்த்தான். அப்பா போனில் வந்தால் மட்டும் அதே அழுகை, அதே அம்மா முதுகு.

பிறகு ஒருநாள், விடுமுறைக்கு ஊர் திரும்பிய கப்பல்காரர் ஒருவர் கேமராவை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதைத் துணி மூட்டையின் மேல் வைத்து ஓட்டினேன். திரையில் அப்பா! கன்னத்தில் எண்ணெய்க் கறை. பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. முகம் எங்கேயும் நிற்கவில்லை, குரல் அறுபடவில்லை.

“கேள்விக்குறி, கூரையைப் பார்த்தேன். நான் அடிச்ச பெயின்ட் அதுக்குள்ள உரிஞ்சுடுச்சா? தினமும் படுக்கும்போது உன் படத்தைப் போட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறேன். நம்ம வீட்டுலயே படுத்திருக்கற மாதிரி இருக்கு. கேமராவை விட்டுட்டு அவனைப் பிடிச்சே பாரு, அதுதான்டா தங்கம் எனக்குப் பிடிச்சது.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்பா மண்டியிட்டார். இரண்டு கைகளையும் நீட்டினார். “உருண்டை எங்க? வாடா கண்ணா. அப்பாகிட்ட வா.”

உருண்டை அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. அப்பா கையை மடக்காமல் “வா, வா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

உருண்டை வெளியே வந்தான். டப், டப், டப் என்று நேராக மூட்டையிடம் நடந்தான். குட்டித் திரையில் தன் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, “ப்பா” என்றான்.

அதை நான் படம் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? கேமராவுக்குள்தான் அப்பா இருந்தாரே!