ரூஹி இருக்கும் பக்கம்

துளிக்குள் இருந்த அத்தனையும் ஒரே ஓரமாய் ஒதுங்கி நின்றன.

ஷரஃபுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். நேற்று வரை அந்தத் துளி சாயங்கால தி.நகர் மாதிரி இருந்தது. நூற்றுக்கணக்கான பூஞ்சை வித்துகள், ஒவ்வொன்றும் இழை போன்ற வாலை ஆட்டிக்கொண்டு, முட்டி மோதி, போகிற திசை தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. இன்று கிழக்கு விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு, கடைக் கதவு திறக்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. சத்தமில்லாத கூட்டம்.

ஸ்லைடை அரை வட்டம் திருப்பி வைத்தான். கூட்டம் கலைந்தது, தயங்கியது, நீந்தியது. மறுபடி கிழக்கு விளிம்புக்கே வந்து நின்றது.

மைக்ரோஸ்கோப்பில் இடது வலதாகத் தெரியும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் கிழக்குதான். மந்தைவெளியில் சின்னதாக ஒரு கடை போட்டு, கல்லூரிகளின் மைக்ரோஸ்கோப்புகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட, ஜன்னல் வெளிச்சத்திலேயே வேலை செய்கிற பழசு ஒன்று கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்தபோது கூடவே இந்தப் பைத்தியமும் வந்தது. தண்ணீரில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள். ஊரே ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகும். இவன் பாட்டிலும் கையுமாய் அடையாற்றங்கரையில் குந்தி நுரை அள்ளிக்கொண்டிருப்பான்.

பூஞ்சையை வரவழைக்கத் தண்ணீரில் தீனி போட்டு வைக்க வேண்டும். நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் வேகவைத்த எள், ஒன்றில் மீன் செதில், ஒன்றில் அவனுடைய முடி, நான்காவதில் மகள் ரூஹியின் முடி. இந்த வேலைக்குக் குழந்தை முடிதான் உசத்தி. சாயம் ஏறாதது, மெல்லிசு. எட்டு வயது ரூஹி ஒரு சாக்லேட்டுக்குப் பேரம் பேசித்தான் தலையைக் குனிந்தாள். மூன்று கிண்ணங்கள் சும்மா கிடந்தன. அவளுடையதில் மட்டும் இரண்டே நாளில் முடியைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு கட்டியது.

வெளிச்சத்தைத் தேடித்தான் ஒதுங்குகின்றன என்று நினைத்தான். ஆனால் ஜன்னல் மேற்கே இருந்தது. கிழக்கே வெறும் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அங்கே ரூஹி இருமிக்கொண்டிருந்தாள்.

மழை ஆரம்பித்து நான்காவது நாள். பள்ளிக்கூடம் இல்லை, கரண்ட் இல்லை. ஏரியைத் திறந்துவிட்டதில் ஆறு தெருவுக்குள் வந்து, கீழ்வீட்டு ரத்னா இரண்டு பைகளோடும் ஒரு மிக்ஸியோடும் மாடியேறி இவர்கள் கூடத்தில் அவன் மனைவி புஷ்ராவோடு உட்கார்ந்திருந்தாள். ஈரக்காற்று ரூஹிக்கு ஆகாது. காலையிலிருந்தே மூச்சு விசில் அடித்தது.

துளிக்குள் கூட்டம் நகர்ந்தது.

மெதுவாக, ஒட்டுமொத்தமாக, விளிம்போடு வளைந்து தெற்கே போயிற்று. அதே நேரம் சுவருக்கு அப்பால் ரப்பர் செருப்பின் சத்தம், படுக்கையறையிலிருந்து தெற்கே பாத்ரூமுக்குப் போயிற்று. கதவு சாத்தியது. கூட்டம் நின்றது.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். அவள் வெளியே வந்ததும் ஜன்னலோரம் நிற்கச் சொன்னான். கூட்டம் ஜன்னல் பக்கம். சமையலறை வாசலில் நிற்கச் சொன்னான், சமையலறைப் பக்கம். ரத்னா தன் பங்குக்கு, புள்ளைய வெச்சு ட்ரில் எடுக்குறியா பாய் என்று கேலி செய்தாள். அவன் தன் விரலைத் துளியருகே கொண்டுபோனான். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"நானும் பாக்கறேன் அத்தா."

ரூஹி ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. விசில் மூச்சு மட்டும் கேட்டது.

"எல்லாம் என்னயவே பாக்குது" என்றாள், சாதாரணமாக.

அப்போதுதான் சந்தோஷம் வடிந்தது. கண்ணே இல்லாதவை. மூளை இல்லாதவை. இந்த வீட்டில் நான்கு பேர் இருக்க, அவளை மட்டும்.

மகளை உள்ளே போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு, நான்காவது கிண்ணத்தை அப்படியே பாத்திரத்தில் கவிழ்த்து அடுப்பில் வைத்தான். ஸ்லைடையும் அதிலேயே போட்டான். தண்ணீர் கொதித்து, சுண்டி, முடி கருகிய நாற்றம் மூக்கில் ஏறுகிற வரை அங்கேயே நின்றான். அடுப்பை அணைத்தான். பெருமூச்சு விட்டான். நாளைக்கு மாற்ற வேண்டிய தண்ணீர் ஒரு கிண்ணம் குறைவு, அவ்வளவுதான்.

மாற்ற வேண்டிய தண்ணீர்.

பூஞ்சை வளர்க்கிறவர்கள் காலையில் எழுந்து பல் தேய்க்கிற மாதிரி செய்கிற வேலை. பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுவது. மூன்று நாளாக அவனும் செய்தான். வடித்த தண்ணீரைப் பால்கனியிலிருந்து தெருவில் ஊற்றினான்.

படுக்கையறை ஜன்னலுக்கு ஓடினான்.

கீழே சந்து முழுக்கக் காப்பி நிறத்தில் தண்ணீர், ஆற்றின் இழுப்போடு விரைந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் மிதந்தவை எதுவும் விரையவில்லை. பால் கவர்கள், தெர்மோகோல் துண்டுகள், வாழைமட்டை, ஒற்றைச் செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் இந்த ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரோடு சுவராக அப்பிக்கொண்டு நின்றன.

கட்டிலில் இருந்த ரூஹி இருமிக்கொண்டே எழுந்து, அம்மாவைத் தேடிக் கூடத்துக்குப் போனாள்.

செருப்புகள் சுவரை விட்டன. நாற்காலி திரும்பியது. அவசரமே இல்லாமல், இழுப்புக்கு எதிராக, எல்லாம் கட்டடத்தின் மூலையைச் சுற்றிக்கொண்டு போயின.

அவன் பால்கனிக்கு வந்து காத்திருந்தான். ஒரு நிமிஷம். மூலையில் நாற்காலியின் முதுகு தெரிந்தது. பின்னால் மற்றவை.

கீழே மோட்டார் சத்தம் கேட்டது. ஊரூர் குப்பத்திலிருந்து வந்த ஃபைபர் படகு, தண்ணீரில் பாதி முங்கிய மாடிப்படியின் வாயில் வந்து முட்டியது. படகில் ஏற்கெனவே ஐந்து பேர். ஓட்டி வந்த தங்கவேல், இன்னும் ரெண்டு பேர் ஏறலாம், கொயந்த இருந்தா மொதல்ல குடு என்று கத்தினான்.

புஷ்ரா மகளைத் தூக்கிக்கொண்டு அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். ரூஹியின் உதடு நீலம் பூத்திருந்தது.

மொட்டைமாடிக்குப் போய்விடலாம் என்றான் அவன். இன்ஹேலர் நேற்றே தீர்ந்துவிட்டது, மழையில் மாடியில் வைத்து என்ன செய்வது என்று கேட்டாள் அவள். அவன் சொன்னான். முடி, துளி, கிண்ணம், செருப்புகள், ஒன்றுவிடாமல், ஒரே மூச்சில். ஜுரத்தில் பிதற்றுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஏங்க, உங்க கிண்ணத்துக்குப் பயந்துக்கினு எம் புள்ளய மூச்சு முட்டி சாக விடச் சொல்றீங்களா?"

மகளின் நெஞ்சு, கரைக்கு வந்த மீனின் செவுள் மாதிரி ஏறி ஏறி இறங்கியது.

"இன்னா பாய் யோசன? சுனாமியயே பாத்த போட்டு இது. குடு" என்றான் தங்கவேல்.

ஷரஃபுதீனே மகளை வாங்கிக்கொண்டு இறங்கினான். படிகளில் தண்ணீர் சளப் சளப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. படகை நோக்கி அவளை நீட்டினான். தொங்கிய கால் தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் கடந்தது.

சளப் சத்தம் நின்றது.

தங்கவேல் வாங்கிக்கொண்டான். புஷ்ரா ஏறினாள். மோட்டார் உறுமியது. அம்மாவின் மடியிலிருந்து ரூஹி இவனைப் பார்த்துக் கையாட்டினாள். படகு தெருத் திரும்பியது.

அவன் படியிலேயே நின்றான். ஆஸ்பத்திரி பக்கம்தான். பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

காலை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர் இல்லை.

குனிந்து பார்த்தான். ஒரு படி கீழே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படி வெளியே வந்தது. சேறு பளபளத்தது. இன்னொன்று.

மேலே பால்கனியில் ரத்னாவின் குரல் கேட்டது.

"அல்லாரும் வந்து பாருங்க. தண்ணி வடியுது."

அக்கம்பக்கத்து மொட்டைமாடிகளில் விசில் அடித்தார்கள். கை தட்டினார்கள். யாரோ அழுதார்கள்.

அவன் இறங்கினான். கீழ்வீட்டுக் கதவு. மீட்டர் பெட்டி. சாய்ந்து கிடந்த ஸ்கூட்டர். நான்கு நாளாகக் காணாத தார் ரோடு, கறுப்பாய், ஒரு மீன் துள்ளிக்கொண்டிருக்க. சந்துகளிலிருந்தும், காம்பவுண்டுகளிலிருந்தும், சாக்கடை மூடிகளின் ஓட்டை வழியாகவும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். ஒரே பக்கமாய்.

தெருமுனைக்கு ஓடினான்.

தண்ணீர் வடிந்த ரோட்டின் நடுவே அது நின்றுகொண்டிருந்தது. காம்பவுண்டுச் சுவர் உயரத்தைத் தாண்டி. லைட் கம்பத்தைத் தாண்டி. கரை எதுவும் இல்லாமல், காப்பி நிறத்தில், நேராக. உச்சி தெரியவில்லை. படகு தெரியவில்லை.

மோட்டார் மட்டும் கேட்டது. முழு வேகத்தில். தண்ணீருக்கு உள்ளேயிருந்து.