குறையாத செம்பு

பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் ஐந்து நாளாகியும் வேனுக்குள் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

அழகையா முதலில் நம்பவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கரண்ட் போயிருந்தது. அந்த வருசம் இலங்கை முழுக்க அதுதானே கதை, யாரும் அதற்காக வாயைத் திறந்து திட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். ஹந்தானைத் தேயிலை மலைக்குக் கீழே, சரிவில் இருந்தது அவன் வாடகை வீடு. கரண்ட் போனால் அக்கம்பக்கத்து டிவிகள் ஒரேயடியாக அடங்கிப்போகும். மேலே பீலிக்குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும், இறங்கி வருகிற மூடுபனிக்குள் யாரோ கோழிகளைக் கூப்பிட்டு அடைக்கிற சத்தமும்தான் மிஞ்சும். அன்றைக்கு அவற்றுக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம், ம்ம்ம்ம் என்று ஒரு முனகல் கேட்டது. கொஞ்ச நேரம் ஓடி, ஒரு நடுக்கத்தோடு நின்று, மறுபடி ம்ம்ம்ம். அவனே வாங்கி அவனே பொருத்தின பெட்டி அது. தூக்கத்தில் கேட்டாலும் அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"பொன்னுத்துரை அண்ணே, அந்த ரெண்டாவது பேட்டரியக் கழட்டிட்டீங்கதானே?"

பொன்னுத்துரை கட்டுகஸ்தோட்டையில் வாகன வயரிங் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து மனிதர். வேனில் ஒவ்வொரு வயரும் அவர் கை பட்டதுதான்.

"ஓம் தம்பி. நீர்தானே அந்தச் சத்தம் கேக்கேலாமல் கிடக்கு, கொண்டுபோங்கோ எண்டு சொன்னனீர். என்ரை மேசைக்குக் கீழைதான் கிடக்கு. ஏன்?"

"ஃபிரிட்ஜு ஓடுது அண்ணே."

"ஓடாது. அதுக்குப் போற வயரையும் வெட்டி ரேப் சுத்திப்போட்டுத்தான் வந்தனான்." பிறகு குரல் தணிந்தது. "நாளைக்குப் பிள்ளையின்ரை பதினாறாம் நாள் காரியமெல்லோ? கண்டதையும் யோசியாமல் உள்ளுக்குப் போய் மனிசியோடை இரும். நான் விடிய வாறன்."

போன் அடங்கியது. ஃபிரிட்ஜ் அடங்கவில்லை.

வெள்ளைக்காரப் பயணிகளுக்காகப் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்து, ஓடுகிற வீடாக அதை மாற்றியிருந்தான் அழகையா. கட்டிலின் தலைமாட்டில் அந்தச் சின்ன ஃபிரிட்ஜ், ஆழம் ஒரு முழம்தான். எஞ்சின் ஓடினால் அதற்குக் கரண்ட் வரும், கூடவே ரெண்டாவது பேட்டரியும் சார்ஜ் ஏறும். எஞ்சினை நிறுத்தினால் அந்த பேட்டரி ஒரு ராத்திரி தாங்கும், அவ்வளவே; பிள்ளை போய்ப் பத்து நாளாகியும் சத்தம் ஓயாததால்தான் அதைக் கழற்றச் சொன்னான். மலைப்பாதை வளைவுகளில் கதவு திறந்து சாமான் கொட்டிவிடக் கூடாதென்று வெளியே பித்தளையில் ஒரு கொக்கி போட்டிருந்தான். நல்ல இறுக்கமான கொக்கி. பெரியவர்களே கட்டைவிரலால் அழுத்தித்தான் தூக்க வேண்டும்.

பயணிகள் அதில் பியர் வைத்தார்கள். பயணிகள் இல்லாத நாளில் மகள் திலக்ஷியின் இன்சுலின் அதில் இருந்தது. பத்து மணி நேரம் கரண்ட் போகிற வீட்டில், ஒன்பது வயதுப் பிள்ளையின் உயிரை வேறு எங்கே வைப்பது?

பிள்ளை போன அந்த வாரம் பள்ளிக்கூடம் இல்லை. கொழும்பில் ஒரு ஜோடியை இறக்கப் போனவன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது டீசல் வரிசை. எஞ்சினை நிறுத்திவிட்டு ரெண்டு நாள் கிடக்க வேண்டிவரும் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு! எஞ்சின் ஓடும்போதே குளிரைச் சேர்த்து வைத்துக்கொண்டால் நிறுத்தின பிறகும் தாங்குமே என்று, ஃபிரிட்ஜின் திருகைக் கடைசிமட்டும் திருகி, மருந்துக் குப்பிகளைப் பனி பிடிக்கிற தகட்டோடு ஒட்டி வைத்தான். சூடு பட்டால் மருந்து கெடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். உறைந்தால் கெடும் என்றும் சொல்லியிருக்கலாம், அவன் மனதில் நிற்கவில்லை. குப்பிகள் உறைந்தன. வரிசையில் கிடந்தபோது உருகின. பார்க்கத் தெளிவாகவே இருந்தன. வேளை தவறாமல் ஊசி போட்டான். வெறும் தண்ணீரைப் போட்டதும் அதுவும் ஒன்றுதான்.

இதையெல்லாம் மனைவி ஞானேஸ்வரியிடம் சொல்லிவிட்டான். அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க என்னா தெரிஞ்சா செஞ்சீங்க" என்றாள். எந்தத் தாய் இதற்குமேல் மன்னிப்பாள்?

அவன் அவளிடம் சொல்லாத விசயம் இன்னொன்று இருந்தது.

"என்னாங்க," உள்ளே இருந்து கூப்பிட்டாள். "இங்க வாங்களேன்."

திலக்ஷியின் படத்துக்கு முன்னால் பதினைந்து நாளாக அணையாமல் விளக்கு எரிந்தது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர். நாளைய படையலுக்குப் பலகாரம் சுட்ட எண்ணெய் வாசம் வீடு முழுக்க இருந்தது. ஞானேஸ்வரி செம்புக்கு முன்னால் உட்கார்ந்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொட்டு கொறையலங்க. தெனமும் காலையில பாக்குறேன். எங்கம்மாவுக்கு வச்சப்ப ஒரு வெரக்கட கொறையும், வந்து குடிச்சிட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லுவோம். இவ வரவே இல்ல. எங்க நிக்கிறாளோ எம்புள்ள."

சுவருக்கு அந்தப் பக்கம் ம்ம்ம்ம் என்றது. அவளுக்குக் கேட்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தான். கேட்கவில்லை போலிருந்தது.

"கடைசியா வாய்விட்டு என்னா கேட்டாங்களோ அதத்தான் பதினாறுல மொதல்ல வக்கணும். கேட்டது கெடைக்காத உசுரு கெடந்த எடத்த விட்டுப் போகாதும்பாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புள்ள என்னா கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமே?"

"தூங்கிக்கிட்டே வந்துச்சு ஞானம். அப்படியே போயிருச்சு."

அவள் தலையை ஆட்டினாள். புருசன் சொன்னதை அப்படியே நம்பினாள், பாவி மகள். அழகையா வண்டியில் எதையோ எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு டார்ச்சோடு வெளியே போய்விட்டான்.

பனி முற்றத்துக்கே வந்துவிட்டது. வேன் அங்கே இருப்பது அதன் சத்தத்தால்தான் தெரிந்தது. சக்கரங்களுக்குக் கீழே அவன் வைத்த கற்கள் அப்படியே இருந்தன. பக்கக் கதவில் கையை வைத்ததும் இழுத்துக்கொண்டான். இரும்பு அத்தனை குளிர்.

திறந்தான்.

முதலில் வந்தது வாசம். அழுகப்போகிற அன்னாசிப்பழ வாசம். அன்றைக்குத் திலக்ஷியின் மூச்சில் வந்த அதே வாசம். வழியில் யாரோ பழம் விற்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்ட வாசம். சர்க்கரை வியாதி முற்றினால் மூச்சு அப்படி மணக்கும் என்று பிறகுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டார்ச் அடித்தான். கட்டில். மடித்து வைத்த போர்வை. தலைமாட்டில் ஃபிரிட்ஜ். அதன் நெற்றியில் கரண்ட் வருகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்தது. கீழே வெட்டின வயரின் ரெண்டு முனையும் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தன. ஒன்றையொன்று தொடக்கூட இல்லை.

ம்ம்ம்ம்.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கண்ணை மூடினால் கண்ணாடி தெரிந்தது, ஓட்டுநருக்கு முன்னால் தொங்குகிற சின்னக் கண்ணாடி. அதற்குள் திலக்ஷி.

மாவனல்லை தாண்டி, கடுகண்ணாவை ஏற்றத்தில், அவள் இந்தக் கட்டிலில் கிடந்து வாந்தி எடுத்தாள். அப்பா தண்ணி என்றாள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் குடலையே பிடுங்கிக்கொண்டு வரும் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவனையும் அப்படித்தான் வளர்த்தார்கள். வழியில் தின்ற ரொட்டிதான் வேலை செய்கிறது, அவள் வியாதி விவரம் எழுதின கிளினிக் கொப்பி இருக்கிற கண்டிக்கே போய்விடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அப்பா தண்ணி. கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, ஆஸ்பத்திரி வந்துரும். அப்பா, நாக்கு ஒட்டுது. பொறுத்துக்க. ஒரு வாய், ஒரே ஒரு வாய்ப்பா. ஃபிரிட்ஜுக்குள் அவன் வாங்கி வைத்த தண்ணீர்ப் போத்தல் இருப்பது அவளுக்குத் தெரியும். கையை நீட்டிக் கொக்கியைத் தேடினாள். கண்ணாடியில் அவன் பார்த்தான். சின்ன விரல்கள். வழுக்கின. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கின.

"கையை எடு!" என்று கத்தினான்.

எடுத்துவிட்டாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. பாறையைக் குடைந்த பழைய வழிக்குப் பக்கத்தில் வந்தபோது கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அப்பாடா தூங்கிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நிம்மதி! ஐயோ.

வழியில தண்ணி கேட்டாளா, குடுத்தீங்களா என்று நர்ஸ் கேட்டாள். கேக்கல என்றான். அதுதான் முதல் பொய். அப்புறம் அதை மாற்ற வாய் வரவில்லை.

இப்போது மாற்றிவிடலாம் என்று தோன்றியது. கதவைத் திறந்து, அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, இதைத்தான் புள்ள கேட்டுச்சு ஞானம், நான்தான் குடுக்கல என்று சொல்லிவிடலாம். பிறகு அவள் என்ன செய்தாலும் சரி. டார்ச்சைக் கட்டிலில் வைத்தான். கையை நீட்டினான்.

சத்தம் நின்றது.

இந்தத் தடவை மறுபடி தொடங்கவில்லை. வேனுக்குள் அவன் மூச்சு மட்டும். அதுவும் புகையாக வந்தது.

டிக்.

ஃபிரிட்ஜின் கதவில். உள்பக்கம்.

டிக். கொஞ்சம் கீழே. நகத்தின் சத்தம். கொக்கி இருக்கிற இடத்தைத் தடவித் தேடுகிற சத்தம். வழுக்கி, மறுபடி.

"அப்பா."

குரல் அவள் குரல்தான். வறண்டு போயிருந்தது, அவ்வளவுதான்.

"அப்பா, தண்ணி."

கொக்கியைத் தூக்கத்தான் அவன் கை போனது. சாமி சத்தியமாக அதற்குத்தான் போனது. கட்டைவிரல் பித்தளையில் பட்டதும் உள்ளேயிருந்து அது மெல்ல மேலே தள்ளியது. அவ்வளவு பயம் ஒரு மனுசனுக்கு வரக் கூடாது. ரெண்டு கையாலும் கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பல் அடித்துக்கொண்டது. வாய் அதுவாகவே பேசியது.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. ஆஸ்பத்திரி வந்துரும்."

"நாக்கு ஒட்டுதுப்பா."

"பொறுத்துக்க."

"ஒரு வாய்ப்பா."

"கையை எடு!"

தள்ளல் நின்றது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

பின்னால் வெளிச்சம் விழுந்தது. திரும்பினான். கதவடியில் ஞானேஸ்வரி நின்றாள். ஒரு கையில் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு, மறு கையில் செம்பு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். பதில் ஃபிரிட்ஜுக்குள் இருந்து வந்தது.

"அம்மா. அப்பா தண்ணி தர மாட்டேங்கிறாரு."

ஞானேஸ்வரி அலறவில்லை. அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கொக்கியின் மேல் இறுகிக் கிடந்த அவன் ரெண்டு கைகளைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தை. பதினான்கு வருசம் கூடவே வாழ்ந்தவள், யார் இவன் என்கிற மாதிரிப் பார்த்தாள். அதைவிட அவனைக் கொன்றிருக்கலாம்.

"ஞானம், நான்..."

"கையை எடுங்க."

எடுத்தான்.

உள்ளே ஏறி, விளக்கைத் தரையில் வைத்து மண்டி போட்டு உட்கார்ந்தாள். கொக்கியை ஒரே விரலால் தூக்கினாள். கதவு திறந்தது. அவன் இருந்த பக்கத்திலிருந்து கதவின் முதுகுதான் தெரிந்தது. குளிர் தரையோடு ஊர்ந்து வந்து விளக்கைச் சாய்த்தது. அவள் செம்பை உள்ளே நீட்டினாள்.

குடிக்கிற சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, மூச்சு விடாமல், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பிள்ளை குடிக்கிற மாதிரி.

"குடி சாமி. மெல்லக் குடி. அம்மா இருக்கேன்."

செம்பு காலி. கீழே விழுந்து உருண்டது. குடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

"இன்னும் கேக்குறா," என்றாள் ஞானேஸ்வரி. திரும்பவில்லை. "இவ்வளவு தாகத்தையா ஒண்ணும் கேக்கலன்னீங்க?"

கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை. தோள் வரை.

ஆழம் ஒரு முழம்தான்.

"எட்ட மாட்டேங்குது. இந்தா வந்துட்டேன். அம்மா வந்துட்டேன்."

தலை போனது. இடுப்பு. அவன் பாய்ந்து அவள் காலைப் பிடித்தான். பாதம் பனிக்கட்டியாக இருந்தது. விரல் வழுக்கியது. தரையில் விளக்கும் கட்டிலில் டார்ச்சும் ஒன்றாக அணைந்தன.

கதவு மெல்ல மூடிக்கொண்டது. கொக்கி தானாக விழுந்தது.

ம்ம்ம்ம்.

இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் கீழே அவன் கொக்கியைத் தேடிப் பிடித்தான். தூக்கினான். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது.