ஒளிராத பலகை

நீதிமன்றத்தில் ஒபின்னா உலோகத்தட்டின் மேல் கையை வைத்தான். பொறைகாட்டி இயந்திரம் மெல்ல முனகியது. ஊரின் அறுபது ஆண்டு நினைவைத் துழாவிவிட்டு ஓய்ந்தது. சுவரிலிருந்த கரிய பலகையில் ஒரு சுடர்கூட எழவில்லை.

"மறுபடியும் பழுதுங்கம்மா," என்றார் அரசு வழக்கறிஞர் சம்பந்தமூர்த்தி. அவர் குரலில் கோபமில்லை, சலிப்புதான் இருந்தது. "கரையூர் ஆளுக யாரு கை வெச்சாலும் இப்பிடித்தான் செத்துக் கெடக்குது."

இதுவரை அப்படிச் சொன்னபோதெல்லாம் நீதிபதி மரகதவல்லி தலையசைத்துவிட்டுத் தீர்ப்பை எழுதிவிடுவார். அன்று என்னவோ பேனாவை மூடி வைத்தார். வழக்கை மதியத்துக்கு ஒத்திவைத்து, இயந்திரத்தைப் பார்க்க ஆளை அழைத்துவரச் சொன்னார். அப்படித்தான் கோகிலவாணி கருவிப்பையோடு நொய்யல்புரம் நீதிமன்றத்துக்குள் வந்தாள்.

நொய்யல்புரத்தில் சுவருக்குச் சுவர், கம்பத்துக்குக் கம்பம், எள்ளளவு ஊர்க்கண்கள் பதிந்திருக்கின்றன. பார்த்ததை அவை மறப்பதில்லை. பொறைகாட்டி அந்த நினைவுக்குள் புகுந்து ஒன்றை மட்டுமே தேடும். இந்த ஆள் தப்புச் செய்தான், இன்னொருவர் அதைக் கண்ணால் கண்டார், கண்டும் போகட்டும் என்று விட்டார். அப்படி விட்ட தருணம் ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு சுடர் எழும். சுடர் எரிந்தால் இவனை ஊர் ஏற்கெனவே பொறுத்தாயிற்று என்று பொருள், தண்டனையில் தளர்வு கிடையாது. பலகை இருண்டிருந்தால் இந்த ஒரு பிழையை ஊர் பொறுத்தாக வேண்டும். இயந்திரம் பழுதென்றால் பலகையைப் பார்க்கவே வேண்டியதில்லை, தண்டனை அப்படியே விழும். பொறைச் சட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

அதைக் கொண்டுவந்த நகர்மன்றத்தாருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு காலத்தில் பனியன் வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வியாபாரிகள் சிலர், இங்கேயே பெண் கட்டி, ஆற்றோரம் வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் கரையூர்க்காரர்கள். கொங்குப் பேச்சைத் தவிர வேறு பேச்சு அறியாதவர்கள். வெயிலில் வெந்து கறுத்தவர்களுக்கு நொய்யல்புரத்தில் குறைவில்லை என்றாலும், கறுப்பன் என்ற பேர் கரையூர்க்காரனுக்கு மட்டும்தான். ஊருக்குள் அவர்கள் ஒரு கைப்பிடி. சிறைக்குள் பாதிப்பேர் அவர்கள்தான். இவர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், ஊர் பொறுத்த பொறுமையைப் பொறைகாட்டி எல்லோருக்கும் எடுத்துக் காட்டட்டும் என்று நகர்மன்றம் நினைத்தது.

கோகிலவாணி அவிநாசியப்பரை ஒரு நொடி நினைத்துக்கொண்டு இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு தூசு இல்லை. இணைப்புகள் சரி, மின்னோட்டம் சரி. நினைவகம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. இனிமேல் ஆளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் தன் கையை மட்டுமே வைத்துப் பார்க்கலாம் என்பது விதி. தட்டின் மேல் கையை வைத்தாள்.

பலகை கார்த்திகைத் திருநாள் போல எரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தான் இவ்வளவு தப்புச் செய்தவளா? ஒரு சுடரைத் தொட்டாள், காட்சி விரிந்தது. உரிமம் வாங்கும் வயது வருமுன்னே ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறாள். காவலர் ஒருவர் நிறுத்துகிறார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார், உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அவர் முகம்கூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. இன்னொரு சுடரைத் தொட்டாள். பனியன் கம்பெனி வாசலில் அப்பாவோடு நடந்து வருகிறாள், ஆறேழு வயதிருக்கும். அப்பாவின் கையில் ஒரு மூட்டை, அவள் கையில் ஒரு குட்டி மூட்டை. இரண்டிலும் கட்டிங் வேஸ்ட், அதாவது துணி வெட்டி மீந்த துண்டுகள். தலையணைக்கு அடைக்க அதை எடுத்துப் போகாத வீடு அந்த ஊரில் இல்லை, கேட்டு எடுப்பவரும் இல்லை. வாசல் காவலாளி குனிந்து, "பாப்பா கையில என்ன, பஞ்சுமிட்டாயா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து விடுகிறார்.

கோகிலவாணி சுடரிலிருந்து விரலை எடுத்தாள். ஒபின்னாவின் குற்றப்பத்திரிகையை அவள் வரும்போதே படித்திருந்தாள். அவன் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் மனைவிக்கு இது நிறைமாதம். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தலையணை செய்ய ஒரு பை கட்டிங் வேஸ்ட் எடுத்துப் போனபோது வாசலில் பிடித்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார்கள். பழைய வழக்கு ஒன்று இருப்பதால் இந்த முறை நான்கு ஆண்டு கிடைக்கும். அந்தப் பழைய வழக்கு, பதினைந்து வயதில் உரிமமில்லாமல் ஸ்கூட்டர் ஓட்டியது. அதற்காகச் சீர்திருத்தப் பள்ளியில் ஓராண்டு இருந்திருக்கிறான்.

அவன் கைதிகள் பெஞ்சில் உட்கார்ந்து, காவலர் வாங்கிக் கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்று, உங்களை யாராவது எதற்காவது சும்மா விட்டதுண்டா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அவன் உண்மையாகவே யோசித்தான். "ஒருக்கா பேக்கரியில டம்ளரைக் கீழ போட்டு ஒடைச்சுட்டனுங்க்கா. ஒண்ணுமே சொல்லல அவரு."

"அப்புறம்?"

"டீக்காசோட டம்ளர் காசையும் சேத்து எடுத்துக்கிட்டாருங்." அவனே சிரித்துவிட்டான்.

அவன் பிறந்தபோது அவன் அப்பா உள்ளே இருந்தாராம். அப்பாவின் குரலை முதலில் கேட்டது பார்வையாளர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதானாம். கரையூரில் அது புதிதில்லை என்றான். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினால் பாதி மாப்பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். மாதா கோயில் பாடற்குழுவில் கட்டைக்குரலுக்கு ஆளே இல்லை, கிறிஸ்துமஸுக்குக்கூடப் பெண்கள் மட்டும்தான் பாடுகிறார்கள். இதையெல்லாம் மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னான். பிறகு டம்ளரைக் கீழே வைத்தான்.

"பழுதுன்னே எழுதீருங்க்கா. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

சம்பந்தமூர்த்தியும் ஏறக்குறைய அதையே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மனிதனை அவன் ஆயுளில் ஒருவர்கூடப் பொறுக்கவில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். அதை நம்புவதைவிட இயந்திரம் கெட்டுவிட்டது என்று நம்புவது சுலபம். ஊர்க்கண்கள் கரையூரில் குறைவாக இருக்குமோ என்று கேட்டார். அங்கேதான் நெருக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று கோகிலவாணி சொன்னதும் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

மதியம் நீதிமன்றம் கூடியது. அவள் சான்றிதழில் ஒரே சொல் எழுதி நீட்டினாள். பழுதில்லை.

நீதிபதி அதை வாங்கிப் படித்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி இருக்கையை விட்டு இறங்கி வந்து, தன் கையைத் தட்டின் மேல் வைத்தார். பலகை எரிந்த வேகத்தில் முன்வரிசைக்காரர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். அவர் எந்தச் சுடரையும் தொட்டுப் பார்க்கவில்லை. எது எதுவென்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தமூர்த்தி மெல்லத் தன் கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒபின்னாவின் இந்தப் பிழை பொறுக்கப்பட்டது," என்று மரகதவல்லி தீர்ப்பளித்தார். முன்பு பழுதென்று தள்ளிய கரையூர் வழக்குகளையும் ஒவ்வொன்றாக மறுபடி பலகையின் முன் கொண்டுவரச் சொன்னார். இதையும் ஊர்க்கண் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. ஒபின்னா மறுபடி தட்டில் கை வைத்தபோது இருண்ட பலகையின் மூலையில் ஒரே ஒரு சுடர் எழுந்தது.

அவன் அதை அதிசயமாகப் பார்த்தான். பிறகு திரும்பி, "ஏனுங்கம்மா, எம் பங்கு இதோட தீந்துதுங்களா?" என்று கேட்டான்.

நீதிபதி பதில் சொல்ல வாயெடுத்தார். சட்டப்படி, ஒரு சுடர் எரிபவனும் பலகை நிறைய எரிபவரும் ஒன்றுதான். இனி இருவருக்கும் தளர்வில்லை. அந்தப் பதிலை அவர் சொல்லவில்லை. "பொண்டாட்டி காத்துட்டிருப்பா, போங்க," என்றார்.

அடுத்த சில வாரங்களில் நொய்யல்புரம் தன்னைத்தானே தெரிந்துகொண்டது. பொறைகாட்டிக்குப் பழுதில்லை என்று ஆனபின், அது எல்லோருக்கும் பழுதில்லாமல் வேலை செய்தது. அதுவரை மற்றவர்கள் நீதிமன்றம் வரை வந்ததே அபூர்வம், இப்போது அவர்களையும் கொண்டுவந்தார்கள். யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பலகை பளபளவென்று எரிந்தது, தண்டனை முழுதாக விழுந்தது. கம்பெனி முதலாளி ஒருவர் சாயநீரை ஆற்றில் விட்டதற்காக உள்ளே போனார். சம்பந்தமூர்த்தியின் மகன் உரிமமில்லாமல் ஸ்கூட்டர் ஓட்டியதற்குச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான். அவர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று, அவன் குழந்தை, ஒரே ஒரு முறை விடக்கூடாதா என்று கண் கலங்கினார். எத்தனையோ முறை விட்டாயிற்று என்று பலகை சொன்னது.

அதே வாரங்களில் கரையூர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சிறையிலிருந்து வந்து தட்டில் கை வைத்தார்கள். பலகை இருண்டு கிடந்தது, அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒபின்னாவுக்குப் பெண் பிறந்தது. மாதா கோயிலில் கட்டைக்குரல் கேட்கத் தொடங்கியிருப்பதாகப் பேச்சு. இன்னும் பாதிப்பேர் உள்ளே முறைக்குக் காத்திருந்தபோது நகர்மன்றம் அவசரமாகக் கூடியது. பொறைகாட்டி குடும்பங்களின் நிம்மதியைக் கெடுக்கிறது, அதை உடனே கழற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எதிர்த்து ஒரு கையும் எழவில்லை.

கழற்ற அனுப்பப்பட்டவள் கோகிலவாணி. நீதிமன்றத்தின் பக்கவாட்டுப் பெஞ்சில் கரையூர்க்காரர்கள் விலங்கோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நகர்மன்றத்தின் ஆணையை நீதிபதியிடம் நீட்டினாள். வரிசையில் முதலில் இருந்த வயதான மனிதர் தன் கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டார், தட்டின் மேல் எப்படி வைப்பது என்று பழகுவதுபோல்.

கோகிலவாணி இயந்திரத்தின் அருகே போனாள். அதைச் சுவரிலிருந்து பெயர்க்க நீளமான திருகுசாவி ஒன்று வேண்டும். கடைசிச் சோதனைக்காகத் தட்டின் மேல் வைத்த கையை எடுக்காமலே திரும்பினாள்.

"இதுக்குன்னு தனிச் சாவி ஒண்ணு வேணுமுங்கம்மா. கோயமுத்தூர்ல சொல்லியிருக்குது. இன்னும் வரலீங்."

ஊரில் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் நாள்தோறும் சொல்லும் பொய்தான். அவளுடைய பையின் வாயில் அந்தச் சாவியின் கைப்பிடி முழம் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

மரகதவல்லி கைப்பிடியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"எப்ப வரும்?"

"ஒரு மாசம் ஆகுமுங்கம்மா. முன்னப்பின்ன ஆனாலும் ஆகும்."

"சரி. வந்தப்புறம் கழட்டிக்கலாம். மொத ஆளை வரச் சொல்லுங்க."

அவள் தலைக்கு மேலே, ஏற்கெனவே நிறைந்து எரிந்துகொண்டிருந்த பலகையில், இன்னுமொரு சுடர் இடம் தேடி ஏறியது. கோகிலவாணி கையை எடுத்தாள். பலகை இருண்டது. பெரியவர் எழுந்து வந்து தன் கையை வைத்தார்.