பதினாலு லிட்டர் எங்கே போனது?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பாகூரில் அரங்கநாதன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர். மின்விசிறிக்கு நேர் கீழே, கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா அரங்கநாதன். சுவரோரம் அடுக்கிய நெல் மூட்டைகளின் மேல், காலை ஆட்டியபடி சித்தப்பா மணிபாரதி. சமையலறை வாசலில், முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டு அம்மா செல்வகுமாரி. டிவிக்குக் கீழே, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பு அர்ச்சனா.

ஐந்தாவதாக ஒருத்தரும் உண்டு. தெருவாசலில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்ற நீல ஸ்கூட்டர். பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

புதுச்சேரியில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறை ஒன்றில் அம்மாவுக்கு வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். போக வர நாற்பது கிலோமீட்டர். அந்தப் பட்டறையின் சென்னை அலுவலகத்திலிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்திருந்தது. ‘உங்கள் வேலையை நிரந்தரம் ஆக்குகிறோம். சம்மதமா, இல்லையா என்று பத்து நாளைக்குள் எழுதி அனுப்பவும்.’

"மாசச் சம்பளம் பதினோராயிரம். சரி. வண்டிக்கு எவ்ளோ ஆச்சு? அர்ச்சனா, படி" என்றார் அப்பா.

அந்த வீட்டில் பெட்ரோல் சீட்டுக்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அம்மா அந்த டப்பாவைக் காலி செய்துவிட்டு, புதிதாக ஆரம்பிப்பார். கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து ஒரு மாதமாக அதில் சேர்ந்த சீட்டுகளை எல்லாம் அர்ச்சனா கூட்டி வைத்திருந்தாள்.

"பெட்ரோல் மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பது. ஆயில், பிரேக், பஞ்சர் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூத்தி அறுபது."

"ஆகமொத்தம் அஞ்சாயிரம்" என்றார் அப்பா. "மிச்சம் நிக்கறது ஆறு. அந்த ஆறாயிரத்தையும் நான் கழனியில கூலி ஆளுக்குக் குடுக்கறேன். நீ வூட்டோட இருந்து கழனியப் பாத்துக்கிட்டா அந்தக் கூலி மிச்சம். விடிகாலையில எழுந்து ஓடவும் வேணாம். இப்ப நீ ஸ்கூட்டருக்குத்தான் உழைக்கற, செல்வி. வித்துடலாம்."

"பஸ்ல போறேனே" என்றார் அம்மா.

"ரெண்டு பஸ் மாறி ஏழு மணிக்கு எப்படி அண்ணி போவீங்க?" என்றார் சித்தப்பா.

அம்மா முறத்தின் பக்கம் குனிந்தார். கீரையை ஆய்ந்து முடித்தார். கையைக் கழுவினார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வேலையை ஏற்க இயலவில்லை’ என்று எழுதினார். உறையில் முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டினார். உறையின் வாயை ஒட்டப் போனால், கோந்து பாட்டில் காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"திங்கக்கிழமை கோந்து வாங்கி ஒட்டிக்கலாம்" என்று உறையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

சென்னையிலிருந்து வந்த கடிதத்தை அம்மா அலமாரியில், பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்தது அர்ச்சனாவுக்குத் தெரியும். அதில் ‘திருமதி அ. செல்வகுமாரி’ என்று அச்சில் இருந்தது. அதை அம்மா எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதை அவள் மூன்று தடவை பார்த்திருக்கிறாள்.

அர்ச்சனா வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைப் பார்த்தாள். "இன்னா, இவ்ளோவா குடிப்ப நீ?" என்று கேட்டாள். அது பாவம் போல நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா வேலை முடிந்து வந்ததும், அர்ச்சனா சித்தப்பாவைக் கெஞ்சி, வண்டியில் கௌஸ் பாஷா பாயின் மெக்கானிக் கடைக்குப் போனாள்.

"பாய், இந்த வண்டி லிட்டருக்கு எவ்ளோ ஓடும்?"

"அதை ஏம்மா என்னைக் கேக்கற? வண்டியையே கேளு" என்றார் பாய்.

ஒரு சின்ன பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோலை அளந்து ஊற்றினார். அதைக் கைப்பிடியில் கட்டி, டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றிவிட்டு, பாட்டிலின் டியூபை மாட்டினார். "இது தீர்ந்து வண்டி நிக்கறவரைக்கும் ஓட்டுங்க. மீட்டரைப் பாத்துக்கோ."

சித்தப்பா ஓட்ட, அர்ச்சனா பின்னால் உட்கார்ந்து மீட்டரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும்போது வண்டி ரெண்டு தும்மல் போட்டு நின்றது. சரியாக நாலரை கிலோமீட்டர். அங்கிருந்து கடை வரைக்கும் சித்தப்பா வண்டியைத் தள்ளினார். வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவரைப் பார்த்து பாய் சிரித்தார்.

"ஏம்பா, டேங்க்ல பெட்ரோல் இருக்கு. டியூபை மாத்தி மாட்டியிருந்தா ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமே?"

"அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

நூறு மில்லிக்கு நாலரை என்றால் லிட்டருக்கு நாற்பத்தைந்து. "இந்த வயசுல இது தங்கமான வண்டி" என்றார் பாய். ஆயில் மாற்றிய அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது என்று பழைய பில்லைப் புரட்டிச் சொன்னார். அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பத்து. இப்போது அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது.

அர்ச்சனா அங்கேயே, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஓடியது ஆயிரத்து நூற்று எழுபது கிலோமீட்டர். அதற்கு இருபத்தாறு லிட்டர் போதும். ஆனால் டப்பாவில் இருந்த சீட்டுகளின்படி வாங்கியதோ நாற்பது லிட்டர்!

"பதினாலு லிட்டர் காணோம் பாய்! டேங்க்ல ஓட்டை இருக்குமா?"

பாய் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "பதினாலு லிட்டர் ஒழுகியிருந்தா உங்க தெருவே நாறியிருக்கும்மா. இது வண்டிக்குள்ள போகவே இல்ல."

அர்ச்சனா மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏன்டி பாக்கற? நான் ஓட்டறதுதான் மீட்டர்ல ஏறிடுதே!" என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து சீட்டுகளைத் தரையில் தேதிவாரியாகப் பரப்பினாள். அம்மா எப்போதும் பணத்தைச் சொல்லித்தான் போடுவார். இருநூறு, ஐந்நூறு என்று. ஆனால் ஏழு சீட்டுகளில் மட்டும் சரியாக இரண்டு லிட்டர் என்று இருந்தது. ஏழு இரண்டு பதினாலு! அவற்றில் ஐந்து, ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகள். அன்று அம்மாவுக்கு விடுமுறை. மற்ற இரண்டும் ஒரே வியாழக்கிழமை, ஒரு நிமிட இடைவெளியில் போட்டவை.

அந்த ஏழையும் தன் ஹேர்பின்னில் செருகி வைத்தாள். யார் போட்டது என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. வழக்கம் போலக் கனகாம்பாள் அத்தையும் கண்ணையன் மாமாவும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அத்தை, அப்பாவின் அக்கா. அவர்களுக்குப் புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கடலூர் வழியில் ஒரு ஊர். அங்கே பெட்ரோல் விலை கூட. பாகூரில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு.

"மருமவளே, உங்க ஊரு எல்லையத் தாண்டினதும் என் வண்டி கொட்டாவி விடுது பாரு!" என்றார் மாமா.

"வாங்க மாமா. சாப்பாட்டுக்கு முன்னாடி பெட்ரோல் பங்குக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மற்ற வீடுகளில் வந்தவர்களுக்குப் பூவும் பழமும் கொடுத்து அனுப்புவார்கள். அரங்கநாதன் வீட்டில் பெட்ரோல்.

"நானும் வரேம்பா" என்று அர்ச்சனா தொற்றிக்கொண்டாள்.

பங்கில் அப்பா பந்தாவாகக் கையை உயர்த்தினார். "எங்க மாமா வண்டிக்கு ரெண்டு லிட்டர் போடுப்பா!" பணம் கொடுத்தார். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும், ‘பெட்ரோல் சீட்டு எதுவானாலும் டப்பாவுல போடுங்க’ என்று அம்மா சொல்லியிருந்தபடியே, ஒழுங்காக டப்பாவைத் திறந்து உள்ளே போட்டார்.

அர்ச்சனாவுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கல்யாணப் பத்திரிகை வைக்க மாமாவின் பங்காளிகள் இரண்டு பைக்கில் வந்தது நினைவுக்கு வந்தது. அன்றும் அப்பா அவர்களை வழியனுப்பப் பங்கு வரைக்கும் போனார்!

எல்லாரும் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பு முடிந்து ரசம் வந்தது. அப்போது பார்த்து சித்தப்பா வாயைத் திறந்தார்.

"இன்னா அர்ச்சனா, உன் பதினாலு லிட்டர் திருடன் கெடச்சானா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா திருடன்? யாரு?"

பதில் அர்ச்சனாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இந்த நிமிடமே ஸ்கூட்டர் தப்பிக்கும். அம்மாவின் வேலையும் தப்பிக்கும். எதிரே அப்பா, மாமாவின் இலையில் இன்னொரு அப்பளத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தேடறேன் சித்தப்பா" என்றாள். "மாமா, ரசம் ஊத்தட்டுமா?"

மாமாவும் அத்தையும் கிளம்பிப் போக ஐந்து மணி ஆயிற்று. கிணற்றடிக் குழாயில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். அர்ச்சனா நோட்டையும், ஹேர்பின்னில் செருகிய ஏழு சீட்டுகளையும் நீட்டினாள். யார் பேரையும் அவள் எழுதவில்லை. ஒரு பக்கம் வாங்கிய லிட்டர், இன்னொரு பக்கம் ஓடிய கிலோமீட்டர். அவ்வளவுதான்.

"இன்னாடி இது?"

"பாருப்பா."

அப்பா பார்த்தார். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். தேதிகளைப் படிக்கும்போது அவர் உதடு அசைந்தது. குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அர்ச்சனா போய் அதை மூடினாள்.

"இத ஏன் சாப்பிடறப்பவே சொல்லல?"

"மாமா கை இலையில இருந்துச்சுப்பா."

அப்பா ஈரக் காலோடு கூடத்துக்குப் போய், கை ஒடிந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செல்வி, இங்க வா. டேய் மணி, நீயும் வா."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். சித்தப்பா மூட்டை மேல் ஏறிக்கொண்டார்.

"பதினாலு லிட்டரைக் குடிச்சது வண்டி இல்ல" என்றார் அப்பா. "என் கௌரவம். வந்தவன் போனவனுக்கெல்லாம் போட்டுட்டு, சீட்டை உன் டப்பாவுல போட்டிருக்கேன். அது எங்க அக்கா வூட்டுக்குச் செஞ்சது, என் செலவு. உன் வேலைக் கணக்குல வராது."

அர்ச்சனா கழித்துப் பார்த்தாள். "வண்டிச் செலவு மூவாயிரத்து அறுநூத்தி அம்பத்தாறுதாம்மா. உனக்கு ஏழாயிரத்து முந்நூத்தி நாப்பத்தி நாலு மிச்சம். அதுலயும் நீ வேலைக்குப் போன இருவத்திநாலு நாளுக்குத் தொள்ளாயிரத்து அறுவது கிலோமீட்டர்தான். மீதி இருநூத்திப் பத்து..."

மூன்று பேரும் மூட்டையைப் பார்த்தார்கள்.

"நான் ரெண்டு தெரு தாண்டி டீக்கடைக்குத்தான் போவேன்!" என்றார் சித்தப்பா.

"ரெண்டு தெருவுல இருநூறு கிலோமீட்டரா தம்பி?" என்று அம்மா கேட்டார். இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அம்மா சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னார்: "கணக்கு எப்படி வந்தாலும் சரிங்க. எனக்கு அந்த வேலை வேணும். நான் தேச்ச கண்ணாடியப் போட்டுக்கிட்டு யாரோ ஒருத்தர் பஸ் போர்டு படிக்கறாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

"இத வெள்ளிக்கிழமையே சொல்லலாமில்ல?"

"அஞ்சாயிரம்னு சொன்னீங்க. வாயடைச்சுப் போச்சு."

அப்பா எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தார். உள்ளே இருந்த தாளை உருவி நாலாகக் கிழித்தார். உறையை மட்டும் பத்திரமாக நீட்டினார். "ஸ்டாம்பு ஒட்டியாச்சு. அத ஏன் வீணாக்கணும்? வேற எழுதிப் போடு."

அம்மா எழுதினார். ‘ஐயா, எனக்குச் சம்மதம்.’ கீழே தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக, அழகாகப் போட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மாமாவுக்கு இன்னாங்க தரப்போறீங்க?" என்று கேட்டார்.

"ஒரு லிட்டர்" என்றார் அப்பா. எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். "மோர்."

கோந்து இன்னும் கல்லாகத்தான் கிடந்தது. அர்ச்சனா ஓடிப்போய்ச் சோற்றுப் பானையிலிருந்து நாலு பருக்கை கொண்டுவந்தாள். அவர்கள் கழனியில் விளைந்த அரிசி. உறையின் வாயில் வைத்து நசுக்கி, விரலால் தேய்த்து ஒட்டினாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"குடு, நான் வண்டியில போயி ஒரே நிமிஷத்துல போட்டுட்டு வந்துடறேன்!" என்று சித்தப்பா குதித்து இறங்கினார். அவருக்கு முன்னால் அப்பாவின் கை ஆணியில் தொங்கிய சாவிக்குப் போயிருந்தது. தொட்ட கை அப்படியே நின்றது. தபால் பெட்டி தெருக்கோடியில்தான்.

அப்பா சாவியை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். "வா அர்ச்சனா, நடந்துடலாம்."

ஸ்கூட்டரைத் தாண்டி இருவரும் நடந்தார்கள். அர்ச்சனா எக்கி, உறையைப் பெட்டிக்குள் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் நோட்டை அழுத்திப் பிடித்து அவள் எழுதினாள்:

‘ஞாயிறு. தபால் பெட்டி, போக வர. பெட்ரோல்: இல்லை.’