ஆளில்லாத நிழல்

படத்தில் ஒரு நிழல் மட்டும் இருந்தது, ஆள் இல்லை.

ஹாலந்து நாட்டு ஹார்லெம் நகரில் நிலக்காட்சி வரைகிறவர்கள் மலையையும் மரத்தையும் முடித்துவிட்டு, ஆட்களைப் போட வேறொருவரிடம் கொடுப்பது வழக்கம். யோரிஸின் படங்களுக்கு ஆள் போடுவது அவன் தங்கை ஹில்லெ. ரோமிலிருந்து திரும்பியதிலிருந்து அவன் வரைவதெல்லாம் அந்த ஊர்ப் பொன்வெயிலும் இடிந்த பழைய வளைவுகளும்தான். ஆனால் ரோமைப் பற்றிக் கேட்டால் பீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

வளைவின் கீழே நீண்டு கிடந்த நிழலைப் பார்த்து, ஆளை இங்கே நிறுத்து என்று அண்ணன் குறிப்பு வைத்திருக்கிறான் என்றே ஹில்லெ எடுத்துக்கொண்டாள். நிழலின் கையில் அரிவாள் மாதிரி ஏதோ இருந்தது. விறகுவெட்டியாக இருக்கும். ஆளிவிதை எண்ணெய் மணக்கும் அறையில், உறைந்த கால்வாயில் பிள்ளைகள் சறுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கால், தோள், தாடி என்று அவனை வரைந்தாள். கடைசியில் கண்ணுக்கு இரண்டு கரும்புள்ளிகள். வைத்ததும் வெளியே சத்தம் நின்றுபோனது. மூடிய அறைக்குள் காய்ந்த புல்லும் ஆட்டுப்புழுக்கையும் வெயிலில் வேகும் வாடை அடித்தது.

யோரிஸ் வந்து பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

"யாரு இவனை இங்க நிறுத்தச் சொன்னது?"

"நீதானேண்ணா நிழல் போட்டு வச்சிருந்த?"

"நான் போடல, ஹில்லெ. அந்த வளைவுக்குக் கீழ என் கூட வந்தவனை வெட்டிச் சாய்ச்சது இவன்தான். நான் விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

சுரண்டிவிடச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பெற்றவர்களைக் கொள்ளைநோய் கொண்டுபோன பிறகு ஹில்லெவுக்கு இருந்தது இந்த ஒரு அண்ணன்தான். கத்தியை எடுத்தாள். சாயம் இன்னும் ஈரம். முகத்தில் வைத்து இழுத்தாள். கண் போனது. மூக்கு போனது. கத்தி முனையில் சிவப்பு. அவனை வரைகையில் அவள் சிவப்புச் சாயத்தைத் தொடவே இல்லை.

கத்தியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். படத்தில் வளைவின் கீழே யாரும் இல்லை; அவள் சுரண்டாத உடம்பையும் காணோம்.

பக்கத்து அறையில் அண்ணன் அலறினான். பிறகு விறகு பிளக்கிற சத்தம். மறுபடியும். மறுபடியும்.

கதவைத் தள்ளினாள். வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தம். யோரிஸின் கழுத்து பாதி அறுந்து, தலை தோளில் தொங்கியது. வாய் மட்டும் அவளைப் பார்த்து, போ, போ என்று அசைந்தது. அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தவன் மெல்ல எழுந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழித்தெடுத்த ஈரச் சதை. அரிவாளைக் குருட்டாம்போக்கில் வீசினான். நாற்காலி பிளந்தது. மறுபடி வீசினான்.

ஹில்லெ வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது.

மூச்சை விட்டுவிட்டாள்.

கண்ணில்லாத அந்த முகம் அவள் பக்கம் திரும்பியது.